பழைய கார் கண்காட்சிகளில் மனத்தை விட்டு அகலாத ஒரு சந்திப்பு: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

தாம்பரம்வாசி:
எழும்பூரில் நடந்த பழைய கார் கண்காட்சியில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றிருந்தது. நான்கு கதவு வண்டி, அதாவது இந்தியாவில் மட்டுமே வந்த வடிவம். எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் கயிற்றுக்கு வெளியே குனிந்து, கதவுக்கும் பானெட்டுக்கும் நடுவே ஓடும் இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். உரிமையாளரான இளைஞர் தொட வேண்டாம் என்று பணிவாகச் சொன்னார். அதற்கு அவர், "தொடவில்லை தம்பி, பானெட் ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கிறது, முன்கீலைச் சற்று நகர்த்தினால் சரியாகிவிடும்" என்றார். வண்டலூரிலிருந்த ஸ்டாண்டர்டு ஆலையில் பாகங்களைப் பொருத்தி இதே வண்டிகளைப் பூட்டியவராம். இளைஞர் உடனே கயிற்றை அவிழ்த்து அவரை உள்ளே அழைத்தார். இருபக்கக் கொக்கிகளையும் விடுவித்து, விளக்குகள், மட்கார்டு உட்பட முன்பகுதி முழுவதையும் முன்னோக்கிச் சாய்த்துவிட்டு, அந்தக் கால மெக்கானிக்குகளைப் போல முன்டயரின் மேலேயே உட்கார்ந்து அவர் ஸ்பேனரைக் கேட்டார். மூடியபோது அந்த இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருந்தது. அருகிலிருந்த பலகையில் 948 சிசி எஞ்சினும், வடிவமைத்த இத்தாலியர் மிக்கெலோட்டியின் பெயரும், உரிமையாளரின் பெயரும் இருந்தன. 1961 முதல் நம் ஊரில் அதைப் பூட்டியவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

மயிலைக்காரர்:
பெரியவரைப் பற்றிய செய்தி நெகிழ வைக்கிறது. ஆனால் கயிறு கட்டுவதைக் குறை சொல்லாதீர்கள். சென்ற முறை என் நண்பருடைய மோரிஸ் மைனரின் கதவில் குழந்தையைச் சாய்த்து நிறுத்திப் படம் எடுத்தார்கள்; இடுப்புப் பட்டையின் கொக்கி பெயிண்டில் இழுத்த கோட்டை அகற்ற அந்தக் கதவு முழுவதற்கும் மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டியதாயிற்று. தெரிந்தவர் வந்தால் அவிழ்ப்பதற்குத்தான் கயிறு. அந்த இளைஞரும் அதைத்தானே செய்தார்?

கோவைவாசி:
கோவையில் ஒரு கண்காட்சி முடிந்து அணிவகுப்பு கிளம்பியபோது, ஹேண்ட் கியர் (ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் கியர்) வைத்த ஃபியட் 1100 ஒன்று நண்பகல் வெயிலில் நின்றுவிட்டது. பேட்டரியைப் பாருங்கள், பிளக்கைப் பாருங்கள் என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்த வேளையில், வாடகைக் கார் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் தம் தோள் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றினார். சிறிது நேரத்தில் வண்டி கிளம்பியது.

கண்காட்சிக்கு வண்டி கொண்டுவருகிறவர்களுக்கு இதையொட்டிச் சில செய்திகளைச் சொல்ல வேண்டும். சூட்டில் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்பு வெறும் ஆவியைத்தான் தள்ளும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டருக்கு எதுவும் போய்ச் சேராது. இப்போது பெட்ரோல் பங்குகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே பெரும்பாலும் கிடைப்பதால் நம் வண்டிகளுக்குத் தொல்லை கூடியிருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களையும் பம்புக்குள் அசைந்து பெட்ரோலைத் தள்ளும் சவ்வான டயஃப்ரத்தையும் எத்தனால் ஊறவைத்து இளக்கிவிடும். காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்கில் துரு பிடிக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றுங்கள். டயஃப்ரத்தையும் அப்படிப்பட்டதாகக் கேட்டு வாங்குங்கள். நீண்ட நாள் நிறுத்துவதானால் கார்புரேட்டரைக் காலி செய்யுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் கண்காட்சித் திடலுக்குள் வண்டியைக் கிளப்பவே வேண்டாம், சுற்றிலும் குழந்தைகள் நிற்பார்கள். தீயணைப்பான் டிக்கியில் இருந்து பயனில்லை, கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தான்:
கோவை நண்பரின் அறிவுரை நன்று. ஆயினும் தாம்பரம் நண்பர் கேட்டது வேறு. கொழும்பில் ஒரு கண்காட்சிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஒஸ்ரின் ஏ40 கார் வந்திருந்தது. பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பக்கத்தில் கம்பியால் கட்டிய சிறிய போத்தலும் அதிலிருந்து கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயும் தெரிந்தன. 1990 முதல் பொருளாதாரத் தடையால் எங்களுக்குப் பெட்ரோல் கிடைக்காத ஆண்டுகளில், போத்தலில் இருக்கும் சிறிதளவு பெட்ரோலால் எஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பின்பு மண்ணெண்ணெய்க்கு மாற்றித்தான் ஓடினோம். வெண்புகை கக்கிக்கொண்டு, பிளக்குகளில் கரி படியப் படியச் சுரண்டித் துடைத்துக்கொண்டு, அந்தக் கார்கள் நோயாளிகளை ஆசுபத்திரிக்கும் மணமக்களைக் கோயிலுக்கும் கொண்டு சேர்த்தன.

மதிப்பிட வந்தவர் போத்தலைச் சுட்டி, இது கம்பனி பொருத்தியது அல்ல என்று சொல்லிப் புள்ளியைக் குறைத்தார். உரிமையாளரான அம்மா, "தம்பி, அதைக் கழற்றினால் இது வேறு யாருடையவோ கார்" என்று மட்டும் சொன்னார். நான் அவர் பக்கம்தான். ஆலையிலிருந்து வந்த நாளன்று இருந்ததைப் போலவே இருக்க வேண்டும் என்பது ஒரு அளவுகோல்; அதை மட்டுமே வைத்து அளந்தால் எங்கள் ஊர்க் கார்களில் ஒன்றுகூடத் தேறாது.

தாம்பரம்வாசி:
யாழ்ப்பாண நண்பரே, அந்தப் போத்தலின் படம் இருந்தால் தயவுசெய்து இங்கே இடுங்கள். மயிலை ஐயா, கயிற்றைப் பற்றி எனக்கு வழக்கில்லை. வண்டலூர் ஆலையில் வேலை செய்தவர்கள் உங்கள் உறவிலோ தெருவிலோ இருந்தால் சொல்லுங்கள். அடுத்த கண்காட்சியில் ஹெரால்டு, அதே ஆலையில் பின்னர் வந்த கெஸல் ஆகிய வண்டிகளின் பக்கத்தில் அவர்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்று அமைப்பாளர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.