எல்ஜிபிடிக்யூ: முழுமைக்கும் ஒரு சொல், வெள்ளிக்கிழமைக்குள்

காரைக்குடி, கல்வியியல் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'எல்ஜிபிடிக்யூ சமூகத்துக்குள் திருநர்' என்று ஒரு பாடம். எல்ஜிபிடிக்யூ என்பது தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர், குயர் எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் ஆங்கிலச் சுருக்கம். திருநங்கை, திருநம்பி (பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்ட ஆண்), இவர்களுக்குப் பொதுவான திருநர் மூன்றும் ஊன்றிவிட்டன. எல்ஜிபிடிக்யூ முழுமைக்கும் ஒரே தமிழ்ச் சொல்லாக என்ன போடலாம்? 'பால்புதுமையினர்' என்று பலர் எழுதுகிறார்கள்.

தேவகோட்டை, தமிழாசிரியர் (பணிநிறைவு):
அம்மா, பால் என்பது 'பகு' வேரில் பிறந்தது. பகு, பகல், பால். பிரிவு என்று பொருள். ஊழுக்கும் அதுவே பெயர், 'பால்வரை தெய்வம்' என்பார் தொல்காப்பியர். ஊழே வரைந்து தந்ததைப் புதுமை என்று எப்படிச் சொல்வது? ஆண்மையிலிருந்து மாறியவரைக் குறிக்கும் 'ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி' தொல்காப்பியத்தின் கிளவியாக்க இயலிலேயே இருக்கிறது, அதுவும் உயர்திணையில். சிலப்பதிகாரம் சொல்லும் பதினொரு ஆடல்களில் காமன் பேடி வடிவில் ஆடியது பேடு. ஆகவே, பால் விரிந்தவர் என்ற பொருளில் 'பால்விரியர்' என்று முன்மொழிகிறேன்.

புதுவயல், மென்பொருள் பணி:
ஐயா, பால்விரியர் என்றால் வகுப்பில் ஒருவருக்கும் விளங்காது. எல்ஜிபிடிக்யூ என்றே இருக்கட்டும். எனக்குப் பெரிய சிக்கலாகப் படுவது 'பால்' என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பதுதான். நான் யார் என்பது பாலினம். யாரை விரும்புகிறேன் என்பது ஈர்ப்பு. ஆணை விரும்பும் திருநங்கை எதிர்பாலீர்ப்பு உள்ளவர். 2019-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை திருநங்கையை இந்து திருமணச் சட்டப்படி மணமகள் என்றே ஏற்றது.

காரைக்குடி, திருநங்கை:
தமிழாசிரியர் ஐயாவுக்கு வணக்கம். 'பேடி' என்று தெருவில் கூப்பிடக் கேட்டவள் நான். இலக்கணத்தில் இருக்கட்டும், கையேட்டில் வேண்டாம். அரவாணி என்ற முந்தைய பெயரையும் தாண்டித்தான் திருநங்கைக்கு வந்தோம். எங்கள் ஜமாத்தில், அதாவது திருநங்கையர் குடும்பமாகச் சேர்ந்து வாழும் அமைப்பில், மூத்தவர் இளையவரை மகளாக ஏற்கும் தாய் மகள் முறை எந்த வெளிநாட்டுக் கொடியையும் பார்த்து வந்ததில்லை. 2008-இல் எங்களுக்கு நல வாரியம் வந்தது. தன்பாலீர்ப்பாளர்களுக்கு 2018 வரை, அவர்கள் உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவுதான் இருந்தது. போலீஸ் அதே பிரிவைக் காட்டி எங்களையும் மிரட்டியது. அதனால் அவர்களோடு சேர்ந்து நிற்க எனக்குச் சம்மதம். எங்கள் பெயர் 'முதலியோர்' ஆகிவிடக் கூடாது.

கல்வியியல் ஆசிரியை:
அந்த அச்சம் நியாயமானது. நியூயார்க்கில் 1969-இல் போலீஸ் சோதனையை எதிர்த்து எழுந்த ஸ்டோன்வால் கலகத்தோடு சேர்த்துப் பேசப்படும் திருநர் உரிமைப் போராளி சில்வியா ரிவேராவை, 1973 பேரணி மேடையில் சொந்தக் கூட்டமே கூச்சல் போட்டு எதிர்த்தது. திருநரைக் குறிக்கும் 'டி' என்ற எழுத்து சுருக்கத்தில் பரவலாகச் சேர்ந்ததே 1990-களில்தான். இதைப் பாடத்தில் சேர்க்கிறேன்.

கானாடுகாத்தான்:
ஆச்சி, நம் செட்டிநாட்டு வீடுகளில் பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதும் 'வேறு வைக்கிறோம்', அதாவது அதே வீட்டில் தனிக் குடித்தனம். முகப்பும் வளவும் (உள்முற்றம்) பொது, அடுப்பு தனி, புள்ளியும் (குடும்பக் கணக்கு) தனி. அப்படி 'பால்புதுமையினரும் திருநரும்' என்று போடுங்கள்.

தேவகோட்டை:
இரண்டையும் தனித்தனியாக எண்ணும் 'உம்' (எண்ணும்மை) போட்டால் திருநர் வெளியே போய்விடுகிறார். பாடத் தலைப்போ 'உள்ளே' என்கிறது. பெண்ணை விரும்பும் திருநங்கையை எந்தப் பக்கம் எண்ணுவீர்கள்? 'திருநர் உள்ளிட்ட' என்றாவது எழுதுங்கள்.

திருநங்கை:
'உள்ளிட்ட' என்றால் பழையபடி ஓரத்தில் உட்காருவோம், ஐயா. உம்மையே இருக்கட்டும்.

கல்வியியல் ஆசிரியை:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். பெரும்பாலோர் உம்மையை ஏற்பதால் 'பால்புதுமையினரும் திருநரும்' என்றே போகிறது. அடைப்பில் எல்ஜிபிடிக்யூ.

தேவகோட்டை:
போகட்டும். என் மறுப்பைப் பதிவில் வையுங்கள். 'புதுமை' பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

திருநங்கை:
ஆசிரியை அம்மா, அனுப்பிய பக்கங்களில் திருநம்பிகளைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. எனக்குத் தெரிந்த திருநம்பி ஒருவர் பள்ளியில் பாடம் நடத்துகிறார். நாளைக் காலைக்குள் அரைப் பக்கம் எழுதித் தரச் சொல்லட்டுமா?