கட்டலினா மாதிரியின் நீண்ட ஒட்டுக்கோடு மீண்டும் தெரிகிறது: ஆலோசனை தேவை

நுவரெலியாவில் இருந்து எழுதுகிறேன். 1942 ஏப்ரல் 4 அன்று கொக்கலையிலிருந்து பறந்து ஜப்பானியக் கடற்படையைக் கண்டறிந்த கட்டலினா நீர்விமானத்தின் 1/72 அளவு பிளாஸ்டிக் மாதிரியைக் கட்டிவருகிறேன். ஏறத்தாழ 27 சென்ரிமீற்றர் நீளமான உடலின் இரு பாதிகளையும் ஒட்டி, தேய்த்துச் சமப்படுத்தி, பிரைமர் (வர்ணத்துக்கு முந்திய அடிப்பூச்சு) அடிக்கும்போது கோடு முற்றிலும் மறைந்துவிடுகிறது. ஆனால் சில நாட்களில், குறிப்பாக இறக்கைத் தாங்கிக்குப் பின்னால் வால்வரை, அதே இடம் மெல்லிய பள்ளமாக உள்வாங்குகிறது.

தூரிகையால் இணைப்பில் தொட்டவுடன் தானாக உள்ளே ஓடும் நீர்த்த பசையை முதலில் பயன்படுத்தினேன். பின்னர் கோட்டைப் பிரித்து, இரு விளிம்புகளிலும் தடித்த பசையைப் பூசி, உருகிய பிளாஸ்டிக் வெளியே பிதுங்கும்வரை அழுத்தி, இறப்பர் வளையங்களால் இறுக்கி வைத்தேன். ஒரே மூச்சில் ஒட்டாமல் மூக்கிலிருந்து பகுதி பகுதியாகவும் ஒட்டிப் பார்த்தேன். பள்ளத்தை நிரப்பப் பூசிய புட்டி (putty) என்னும் நிரப்புப்பசை சுருங்கியது. சூப்பர் குளூ உள்வாங்கவில்லை, ஆயினும் உடலைச் சற்று அழுத்திப் பிடித்தாலே வெடிக்கிறது. நீரில் இறங்கும் விமானத்தின் அடிப்பகுதியில் அந்த வெடிப்பு மிகவும் அசிங்கமாகத் தெரிகிறது.

ஒட்டிய மறுநாளே தேய்க்கிறேன். இங்கு மாலையானால் மூடுபனி, அறைக்குள்ளும் குளிர்தான். பசையின் கரைப்பான் முழுமையாக ஆவியாகாமல் பிளாஸ்டிக்கிற்குள் தங்கியிருப்பதே காரணம் என்று சந்தேகிக்கிறேன்.

இத்தகைய குளிர்ப்பகுதியில் மாதிரி கட்டுபவர்கள், நீண்ட கோட்டை ஒட்டிய பின் தேய்ப்பதற்கு முன்பு எத்தனை நாட்கள் உலரவிடுகிறீர்கள்?