ஏற்காட்டுப் பனிக்கு ஃபாக் லைட்: ரிலேக்குப் பதில் டிரான்சிஸ்டர் போடலாமா?

அஸ்தம்பட்டி வண்டிக்காரர்:
வாரம் மூன்று நாள் ஏற்காடு ஏறி இறங்குகிறேன். 20 கொண்டை ஊசி வளைவு, பனி இறங்கினால் ஃபாக் லைட் இல்லாமல் முடியாது. இரண்டு 55 வாட் பல்பு, ஒரே ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்). போன வாரம் இறங்கும்போது நடுவளைவில் இரண்டும் அணைந்துவிட்டன. பின்னால் பஸ், உள்ளே மகள். இன்னும் மனசு ஆறவில்லை. ரிலேயைப் பிரித்தால் உள்ளே தொட்டு இணைக்கும் பாயிண்ட் கருகியிருக்கிறது. கையில் 2என்3055 டிரான்சிஸ்டர் இருக்கிறது. போடட்டுமா?

செவ்வாய்பேட்டை வயரிங்:
வேண்டாம் அண்ணா. 110 வாட் என்றால் 9 ஆம்பியருக்கு மேல். அந்த அளவில் 3055 மூன்று வோல்ட் வரை விழுங்கலாம். விளக்கு மங்கும், 27 வாட் சூடு. அதை ஆன் செய்யும் கால் ஆன பேஸுக்கும் ஆம்பியர் கணக்கில் கொடுக்க வேண்டும். வண்டி பாடி பேட்டரி நெகட்டிவ் என்பதால் பாசிட்டிவ் பக்கம் பி-சேனல் மாஸ்ஃபெட் (வோல்ட்டால் ஆன் ஆகும் டிரான்சிஸ்டர் வகை) போடுங்கள். ஐஆர்எஃப்4905 என்ற மாஸ்ஃபெட்டுக்கு ஆன் ஆனபோது தடை 0.02 ஓம்தான், விழுங்குவது 0.2 வோல்ட், சூடு 2 வாட்டுக்குள் முடிந்துவிடும். சூட்டை வெளியேற்ற சின்ன ஹீட் சிங்க் போதும்.

ஓமலூர் மெக்கானிக்:
குளிர்ந்த பல்பு போட்டவுடன் பத்து மடங்கு கரண்ட் இழுக்கும். ரிலே கருகியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். மாஸ்ஃபெட்டின் கேட், சோர்ஸ் என்ற இரண்டு கால்களுக்கும் நடுவே, வோல்ட் அளவு மீறாமல் தடுக்கும் 15 வோல்ட் ஜீனர் டையோடு கட்டாயம். அப்புறம், மாஸ்ஃபெட் செத்தால் பெரும்பாலும் ஷார்ட் ஆகும், ஃபியூஸை எடுத்துவிடாதீர்கள்.

அஸ்தம்பட்டி வண்டிக்காரர்:
சரி, மாஸ்ஃபெட்தான். விளக்குக்கு ஒன்றாக இரண்டு, தனித்தனி ஃபியூஸ். ஒன்று போனாலும் ஒரு விளக்கு எரியட்டும்.