எல்எம்3886 பவர் ஆம்புக்கு 5,000 ரூபாய்க்குள் ப்ரீ ஆம்ப்: எதை வாங்கலாம்?

ஒலிப்பேழை:
வணக்கம். இரண்டு எல்எம்3886 ஐசி போட்ட ஸ்டீரியோ பவர் ஆம்ப், 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர், 8 ஓம் ஸ்பீக்கர், 12க்கு 10 அடி அறை. சிடி பிளேயர், கம்ப்யூட்டரில் ஒரு யூஎஸ்பி டாக் (டிஜிட்டலை ஆடியோ சிக்னலாக்கும் பெட்டி), டிவி என்று மூன்று சோர்ஸ். இப்போது ஆம்புக்கு முன்னால், வால்யூம் வைக்கும் ப்ரீ ஆம்பாக இருப்பது 4558 ஐசி பாஸ்-ட்ரெபிள் போர்டு. அதற்குத் தனியாக 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், 7815, 7915 ரெகுலேட்டர் (+15, -15 வோல்ட்).

வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் "ஸ்ஸ்" என்று இரைகிறது. சாயங்காலம் ஆனால் ஹம்மும் சேர்ந்துகொள்கிறது. காலையில் அது இல்லை. டிவியை இணைத்தால் இன்னும் மோசம். நாபைக் கொஞ்சம் திருப்பினாலே சத்தம் அதிகம், அந்த இடத்தில் இடது பக்கம் மட்டும் குறைவாகக் கேட்கிறது.

5,000 ரூபாய்க்குள் எந்த ப்ரீ ஆம்ப் நல்லது? ஆன்லைனில் கிடைக்கும் சின்ன வால்வு பெட்டிகள் சரிப்படுமா? பின்னால் டர்ன்டேபிள் வாங்கும் எண்ணமும் உண்டு.

டெசிபெல்:
வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு. உங்கள் பவர் ஆம்ப் 8 ஓமில் 45 வாட் தரும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஸ்பீக்கரில் 19 வோல்ட் வேண்டும். எல்எம்3886 போர்டுகள் பெரும்பாலும் 20 மடங்கு கெயினில் (பெருக்கத்தில்) வரும். ஆக, உள்ளே 0.95 வோல்ட் கொடுத்தாலே ஆம்ப் முழுத் திறனுக்குப் போய்விடும். சிடி பிளேயரும் டாக்கும் தருவது 2 வோல்ட்.

அதாவது, சிக்னல் ஏற்கெனவே தேவைக்கு இரண்டு மடங்கு. அதை இன்னும் பெருக்கும் போர்டை நடுவில் வைத்ததால்தான் நாபின் அடிப்பகுதியிலேயே உட்கார வேண்டியிருக்கிறது. மலிவான வால்யூம் பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) ஒன்றில் இரண்டு சேனலுக்கான டிராக்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இடமும் அதுதான். இடது பக்கம் குறைவது அதனால்தான், ஸ்பீக்கரைச் சந்தேகப்பட வேண்டாம்.

வால்வு பெட்டி மேலும் கெயின் சேர்க்கும். உங்களுக்கு ஆகாதது அதுவே. உங்களுக்கு வேண்டியது ஒரு செலக்டர் ஸ்விட்ச், ஒரு நல்ல வால்யூம். அவ்வளவுதான்.

ஈயப்பற்று:
சாயங்கால ஹம்முக்குக் காரணம் உங்க சப்ளை சார். 12 வோல்ட் ஏசியை ரெக்டிஃபை பண்ணா உச்சம் 17, டையோடு போக 16.3. சின்ன டிரான்ஸ்ஃபார்மர் லோடு குறைவா இருந்தா கொஞ்சம் கூடவே தரும், 18 பக்கம் வரும். 7815க்கு உள்ளே குறைஞ்சது 17 வோல்ட் வேணும். காலையில தப்பிச்சுக்குது. சாயங்காலம் கரண்ட் லைன் 230ல இருந்து 200 வோல்ட்டுக்கு இறங்கினா அந்த 18 வோல்ட் 15.7 ஆயிடும். அப்புறம் ரெகுலேட்டர் ரெகுலேட் பண்ணாது, 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் அப்படியே ஆடியோவுக்குள்ள போகும்.

ஹம் வர்ற நேரத்துல 7815 இன்புட்ல டிசி அளந்து பாருங்க. 17க்குக் கீழே இருந்தா இதேதான். 7812, 7912 மாத்திடுங்க. 4558க்கு 12 வோல்ட் தாராளம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க: 78, 79 ரெண்டுக்கும் கால் வரிசை வேற. 7812ல இன்புட், கிரவுண்டு, அவுட்புட். 7912ல கிரவுண்டு, இன்புட், அவுட்புட். இடம் மாத்திப் போட்டா புகைதான்.

பவர் ஆம்போட 33 வோல்ட்ல இருந்து நேரா 7815க்கு எடுக்கலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. அதோட இன்புட் எல்லையே 35 வோல்ட். ராத்திரி லைன் ஏறினா தாங்காது.

இரைச்சல் வேற விஷயம். வால்யூம் பூஜ்யத்திலயும் கேக்குதுன்னா வால்யூம் பாட்டுக்கு அப்புறம்தான் கெயின் இருக்குன்னு அர்த்தம். 4558ஐ எடுத்துட்டு 5532 போட்டா கொஞ்சம் குறையும், ஆனா ஐசி காலுக்குப் பக்கத்துலயே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இல்லைன்னா 5532 ஆசிலேட் ஆகும் (தானா அதிரும்), தொட்டா சுடும்.

டெசிபெல்:
மேலே சொன்னது சரி. ஆனால் பாஸ்-ட்ரெபிள் அவசியமில்லை என்றால் அந்தப் போர்டையே கழற்றிவிட்டு பேசிவ் ப்ரீ ஆம்ப் செய்துகொள்ளலாம். சப்ளை இல்லை, ஐசி இல்லை, இரைச்சலும் இல்லை. பெட்டியோடு சேர்த்தே உங்கள் பட்ஜெட்டுக்குள் அடங்கும்.

தேவையானவை: 10கே லாக் (முதலில் மெல்ல ஏறும் வகை) ஸ்டீரியோ பாட் ஒன்று (ஆல்ப்ஸ் ஆர்கே27 கிடைத்தால் நல்லது, நீல நிறத்தில் மலிவாக வருபவற்றில் போலி நிறைய), 2 போல் (இரண்டு சேனலையும் சேர்த்து மாற்றும்) ரோட்டரி ஸ்விட்ச், நான்கு ஜோடி ஆர்சிஏ சாக்கெட், 22கே மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் இரண்டு, உலோகப் பெட்டி.

ஸ்விட்சுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒவ்வொரு சேனலிலும் அந்த 22கே சீரிஸில் போகட்டும். 10 டெசிபெல் குறையும், நாப் நடுப்பகுதிக்கு ஏறும், சேனல் வித்தியாசமும் போய்விடும். சத்தம் போதவில்லை என்றால் 10கே ஆக்குங்கள்.

50கே, 100கே பாட் வாங்காதீர்கள். 100கே பாட்டின் அவுட்புட் இம்பீடன்ஸ் (சிக்னலுக்கான தடை) 25கே வரை போகும். மூன்று மீட்டர் ஷீல்டு வயரின் 300 பிகோஃபாரட்டோடு சேர்ந்தால் 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபெல் விழும். பாட்டிலிருந்து ஆம்புக்குப் போகும் வயர் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும்.

பாட் லாக்தானா என்று மீட்டரில் பாருங்கள். தண்டு நடுவில் இருக்கும்போது நடுக்காலுக்கும் கிரவுண்டு காலுக்கும் இடையே 1கே முதல் 1.5கே வந்தால் லாக். 5கே வந்தால் லீனியர். லீனியரில் முதல் கால்வாசித் திருப்பிலேயே சத்தமெல்லாம் வந்துவிடும். நாபைத் தாழ்வான இடத்தில் வைத்து இரண்டு டிராக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போலியும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஸ்விட்ச் வாங்கும்போது ஒரு சோர்ஸை விட்ட பிறகே அடுத்ததைத் தொடும் வகையா என்று கேளுங்கள். மற்ற வகை திருப்பும் நொடியில் டாக்கையும் சிடி பிளேயரையும் ஒன்றோடொன்று ஷார்ட் செய்யும்.

நாப்_திருகி:
டோன் கண்ட்ரோல் வேண்டும் என்பவர் மேலே சொன்ன பேசிவ் பெட்டிக்குப் பின்னால் பழைய பாஸ்-ட்ரெபிள் போர்டை மாட்ட வேண்டாம். அதிலிருக்கும் பாக்ஸண்டால் (பாஸ்-ட்ரெபிள்) சர்க்யூட்டை இம்பீடன்ஸ் குறைந்த சோர்ஸ்தான் ஓட்ட வேண்டும். முன்னால் பஃபர் (இம்பீடன்ஸைக் குறைத்துத் தரும் ஸ்டேஜ்) இல்லாவிட்டால் வால்யூமைத் திருப்பத் திருப்ப பாஸும் ட்ரெபிளும் மாறும். என் கருத்தில், அந்த அறைக்கு ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு அடி முன்னே பின்னே நகர்த்துவதே போதும்.

டிவி ஹம் வேறு கதை. செட்-டாப் பாக்ஸின் கேபிள் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். ஹம் நின்றால் கிரவுண்டு லூப் (இரண்டு வழியில் கிரவுண்டு சேர்வதால் வரும் ஹம்). டிவியை ஆப்டிகல் வழியாக எடுத்தால் மின் தொடர்பே அறுந்துவிடும். அதற்காகவே, பட்ஜெட் கொஞ்சம் நீண்டால், வால்யூமோடு வரும் டாக் ஒன்றைப் பரிசீலிக்கலாம். டாப்பிங் ஈ30 போன்றவற்றில் யூஎஸ்பி, ஆப்டிகல், கோஆக்சியல் மூன்றும் உண்டு, ரிமோட்டும் உண்டு. உங்கள் சிடி பிளேயரில் கோஆக்சியல் வெளியீடு இருந்தால் மூன்று சோர்ஸும் முடிந்தது. டிவி மெனுவில் டிஜிட்டல் ஆடியோவைப் பிசிஎம் (சுருக்காத சாதாரண ஸ்டீரியோ) ஆக்குங்கள், இல்லாவிட்டால் சத்தமே வராது. டாக் ப்ரீ மோடில் (வால்யூம் வேலை செய்யும் மோடில்) இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே ஆம்பை ஆன் செய்யவும். மற்ற மோடில் முழு 2 வோல்ட்டும் ஆம்புக்குப் பாயும்.

ஒலிப்பேழை:
நன்றி. முதலில் 7812, 7912 மாற்றிப் பார்க்கிறேன், பிறகு பேசிவ் பெட்டி. டர்ன்டேபிள் வந்தால் அதே பெட்டியில் நேராகச் செருகலாமா?

ஈயப்பற்று:
முடியாது சார். எம்எம் (மூவிங் மேக்னட்) கார்ட்ரிட்ஜ் தர்றது 5 மில்லிவோல்ட் அளவுதான். 40 டெசிபெல் கெயின், ஆர்ஐஏஏ ஈக்வலைசேஷன் (ரெக்கார்டுல மாத்திப் பதிஞ்ச பாஸ், ட்ரெபிளைச் சரி பண்றது), 47கே இன்புட் மூணும் உள்ள தனி ஃபோனோ ஸ்டேஜ் வேணும். சில டர்ன்டேபிள்ல உள்ளேயே இருக்கும், பின்னாடி ஃபோனோ/லைன் ஸ்விட்ச் பாருங்க. அது இருந்தா லைன்ல வெச்சு உங்க பெட்டியில செருகலாம். அதனால ரோட்டரி ஸ்விட்ச் வாங்கும்போதே 4 வே வாங்கிடுங்க, ஆர்சிஏவும் ஒரு ஜோடி கூடப் போட்டு வைங்க.