முதியோரின் தன்மதிப்பைக் குலைப்பது பாகுபாடா, அவர்களுடைய எண்ணமா?

வைகைக்கரை:
வயதானவர்களின் தன்மதிப்பு குறைவதற்குப் பிறர் காட்டும் பாகுபாட்டைவிட, முதுமையைப் பற்றி அவர்களே மனத்தில் வைத்திருக்கும் எண்ணம்தான் பெரிய காரணம் என்பேன். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஐம்பது வயதைக் கடந்த 660 பேரிடம், வயது ஏற ஏறப் பயனற்றுப் போகிறோம் என்பது போன்ற கூற்றுகளை ஏற்கிறார்களா என்று கேட்டுப் பதிந்துவைத்திருந்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி அந்தப் பதில்களை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டபோது, முதுமையை நல்லவிதமாகக் கண்டவர்கள் ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தது தெரியவந்தது. உடல்நிலை, பொருளாதார நிலை, தனிமை ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் இந்த வேறுபாடு மறையவில்லை.

தாமரைக்குளம்:
அந்த எண்ணம் வானத்திலிருந்து குதித்ததா, ஐயா? எங்கள் ஊர் ரேஷன் கடையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். காலமெல்லாம் களையெடுத்து ரேகை தேய்ந்த விரலை ஒரு பாட்டி கருவியில் வைக்கிறார், அது ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கிறார். "வீட்டுல வேற யாரும் இல்லையா பாட்டி?" என்று வரிசையில் குரல் எழுகிறது. அடுத்த மாதம் பேரன் வருகிறான், பாட்டிக்கு முடியவில்லையாம். கருவியின் குறை அவருடைய குறையாக மாறிவிட்டதை நாம் எண்ணம் என்று அழைக்கிறோம். வங்கியிலும் இதே கதைதான்: கணக்கு தாயின் பெயரில் இருக்கும், அலுவலர் மகனின் முகத்தைப் பார்த்தே பேசுவார்.

வைகைக்கரை:
ரேஷன் கடையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் அத்தை கண்புரை அறுவை சிகிச்சைக்கு மறுக்கிறார். அரசு மருத்துவமனையில் செலவில்லை, அழைத்துப்போக மகன்களும் தயாராக இருக்கிறார்கள். "கட்டையில போற வயசுல கண்ணு எதுக்கு?" என்கிறார். இங்கே அவரிடம் யார் பாகுபாடு காட்டினார்கள்?

தாமரைக்குளம்:
அதே சொல்லை அவர் தம் மாமியாரைப் பற்றிப் பிறர் சொல்லக் கேட்டிருப்பார். ஒருவேளை தாமே சொல்லியும் இருப்பார். நீங்கள் சாட்சிக்கு அழைத்த லெவியே 2009-இல் முன்வைத்த கோட்பாடு இதுதான்: சிறுவயதில் பிற கிழவர்களைப் பற்றி உள்வாங்கிய எண்ணங்கள், நமக்கு வயதாகும்போது நம்மீதே திரும்புகின்றன. அப்படியென்றால் எண்ணமும் பழைய பாகுபாடுதானே?

ஓய்வூதியர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-இல் 58-இலிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது. 58-இல் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர்கள் அதே நாற்காலியில் அதே கையெழுத்தைப் போட்டுக்கொண்டு இருந்தார்கள்; 'பெரியவர்' என்று எவரும் அவர்களை ஒதுக்கவில்லை. வேலைக்கு ஆகாதவர் யார் என்பதை உடம்பைவிட அரசாணை முந்திக்கொண்டு முடிவு செய்கிறது என்பதால், நான் தாமரைக்குளம் பக்கம்தான். ஆனாலும் பதவிப் பெயரையே தம் பெயராக நினைத்திருந்தவர்கள்தான் ஓய்வுக்குப்பின் அதிகம் உடைந்துபோனார்கள் என்பதையும் கண்டிருக்கிறேன்.

வைகைக்கரை:
வேர் வெளியே இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எல்லாரும் மாறும்வரை அத்தையின் கண்புரை காத்திருக்காது என்பதால், சிகிச்சை முடிந்து மறுபடியும் பூக்கட்டத் தொடங்கியிருக்கும் அவருடைய பக்கத்துத் தெருத் தோழியை வீட்டுக்கு வந்து பேசச் சொல்லியிருக்கிறேன்.

தாமரைக்குளம்:
நல்லது. அந்தத் தோழி பேசும்போது மகன்களையும் கூடத்தில் உட்காரச் சொல்லுங்கள், ஐயா.