ஆணுறுப்பில் மரு மாதிரி இருக்கிறது, கால் மரு மருந்து போட்டுப் புண்ணாகிவிட்டது. உதவுங்கள்

திருச்சி_டர்பன்:
வணக்கம். வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். வயது 31. தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஒன்றரை வருடம். மனைவி திருச்சியில், அடுத்த மாதம் இங்கே வருகிறாள்.

ஆணுறுப்பின் அடிப்பக்கம், முடி முளைக்கும் இடத்தை ஒட்டி இரண்டு முளைகள். ஷேவ் செய்த வெட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு மாதத்தில் ஒன்று மிளகு அளவுக்கு வந்துவிட்டது. மேலே காலிஃப்ளவர் மாதிரி சொரசொரப்பு. வலி இல்லை, குளித்தபின் லேசாக அரிக்கும். இது போக மொட்டின் விளிம்பைச் சுற்றி வெள்ளைப் பொடிமணிகள் வரிசையாக இருக்கின்றன. எப்போதிருந்து என்று தெரியாது, இப்போதுதான் உற்றுப் பார்த்தேன்.

கெமிஸ்டில் 'காலில் மரு' என்று பொய் சொல்லி ஒரு திரவம் வாங்கி, அந்த விளிம்பு மணிகளில் தடவினேன். தோல் உரிந்து எரிகிறது. லுங்கி உரசினால்கூடத் தாங்கவில்லை.

கல்யாணத்துக்கு முன், நான்கு வருடம் முன்னால், ஒரு பழக்கம் இருந்தது. அப்புறம் மனைவியைத் தவிர யாருமில்லை. பிறகு எப்படி வந்தது?

மிளகாய்ப்பொடி:
சகோ, எங்கள் பாட்டி மருவுக்கு அம்மான் பச்சரிசிப் பால் வைப்பார். இல்லையென்றால் சுண்ணாம்பும் சோடா உப்பும் குழைத்து ஒரு சொட்டு. தானே உதிரும்.

சிஸ்டர்_அக்கா:
மிளகாய்ப்பொடி தம்பி, கழுத்தில் சுண்ணாம்பு வைத்தாலே வெந்து தழும்பாகிவிடும். அந்த இடத்தில் வைத்தால் உன் பெயருக்கு ஏற்ற எரிச்சல்தான்.

திருச்சித் தம்பி, நான் இங்கே டர்பனில் பீனிக்ஸ் பக்கம் ஒரு கிளினிக்கில் நர்ஸ். முதலில் அந்த மருந்தைத் தூக்கிப் போடு. கால் தோல் தடிமனுக்குச் செய்த அமிலம் அது. வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் ஒற்றி, வாஸ்லின் தடவு. சீழ் வைத்தாலோ சிறுநீர் போக முடியாவிட்டாலோ அன்றைக்கே கிளம்பு.

நீ சொல்வதைப் பார்த்தால் தப்பான இடத்தில் மருந்து போட்டிருக்கிறாய். விளிம்பில் ஒரே அளவில் வரிசைகட்டி இருப்பவை பெரும்பாலும் முத்துப் பருக்கள். நிறைய ஆண்களுக்கு உண்டு. நோயும் இல்லை, ஒட்டவும் ஒட்டாது. அடியில் தாறுமாறாக, சொரசொரப்பாக வளர்கிறதே, சந்தேகம் அதன்மேல்தான். நடுவில் குழி விழுந்த வழவழப்பான கொப்புளம் வேறு வகை. தட்டையாக, ஈரமாக இருந்தால் சிபிலிஸ் என்ற பால்வினை நோயாகவும் இருக்கலாம். அதனால் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். கூடவே சிபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள். அரசு கிளினிக்கில் காசு கேட்கமாட்டார்கள்.

மரு எச்.பி.வி. வைரஸால் வருவது, 10-ல் 9 பேருக்கு 6, 11-ஆம் வகைகள். பொதுவாக ஒட்டிய சில வாரம் முதல் சில மாதத்தில் முளைக்கும். சிலருக்கு வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடந்து பிறகு தலைகாட்டும். அதனால் யாரிடமிருந்து வந்தது என்று மருவை வைத்துச் சொல்ல முடியாது. மனைவியைச் சந்தேகப்படாதே, உன்னையும் திட்டிக்கொள்ளாதே. இந்த இரண்டு வகையும் புற்றுநோய்க்குக் காரணமாவது அபூர்வம். ஆனாலும் உன் மனைவி வழக்கமான கர்ப்பவாய்ப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. மரு போகும்வரை உறவு வேண்டாம். ஆணுறை நல்லதுதான், ஆனால் அடிப்பக்கத்தை அது மூடாதே. ரேசரும் வேண்டாம், கீறலில் பரவும்.

ஜோபர்க்வாசி:
எனக்கு 2019-ல் வந்தது. திரவ நைட்ரஜனில் உறையவைத்தார்கள், நான்கு தடவை. ஐஸ் கட்டியை அழுத்திப் பிடித்த மாதிரி ஒரு சுரீர், அப்புறம் கொப்புளம். போய்விட்டது என்று நினைத்தால் இரண்டு மாதத்தில் ஒன்று திரும்பி வந்தது. அக்கா, வீட்டிலேயே போடும் மருந்து உண்டாமே?

சிஸ்டர்_அக்கா:
உண்டு, டாக்டர் சீட்டோடு. போடோஃபிலோடாக்ஸின் 0.5% என்றால் தினம் இரு வேளை, 3 நாள் போட்டு 4 நாள் விட வேண்டும். அப்படி அதிகபட்சம் 4 சுற்று. இமிகுவிமோட் கிரீம் வாரம் 3 இரவு, காலையில் கழுவ வேண்டும், 16 வாரம் வரை. அந்த கிரீம் ஆணுறையையும் பலவீனமாக்கும். எதுவானாலும் தம்பிக்கு முதலில் புண் ஆற வேண்டும். திரும்பி வருவது சகஜம். மருந்து மருவைத்தான் எடுக்கும், வைரஸை அல்ல. அதை உடம்புதான் மெல்ல அடக்கும்.

மிளகாய்ப்பொடி:
தடுப்பூசி போட்டால் உதிராதா?

சிஸ்டர்_அக்கா:
வந்த மருவை ஊசி எடுக்காது. இங்கே 2014-ல் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குத் தொடங்கியது கர்ப்பவாய்ப் புற்றுநோய் தரும் 16, 18 வகைகளுக்கானது, மருவைத் தடுக்காது. நான்கு வகை வைரஸுக்கான ஊசியும் ஒன்பது வகைக்கான ஊசியும்தான் 6, 11-ஐயும் தடுக்கும்.

திருச்சி_டர்பன்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். விளிம்பு மணிகள் ஒன்றுமில்லையாம். அடியில் இருந்த இரண்டும் மருதான். ரத்தப் பரிசோதனைகள் இரண்டிலும் ஒன்றுமில்லை. புண் ஆறியபின் சுற்றிலும் வாஸ்லின் தடவி, பழுப்பாக ஒரு திரவத்தைக் குச்சியில் தொட்டு வைத்தார்கள். நான்கு மணி நேரத்தில் கழுவச் சொன்னார்கள். சின்னது சுருங்கிவிட்டது, பெரியதற்கு வாராவாரம் போகிறேன்.

நேற்று வீடியோ காலில் மனைவியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "சுண்ணாம்பு கிண்ணாம்பு வச்சுத் தொலைக்கலையே?" என்றாள். இல்லை என்றேன். கால் மருந்து விஷயம் இன்னும் சொல்லவில்லை.