மீன் லோடு ஓடிய பிக்கப் வாங்கலாமா? அடிப்பக்கம் பார்க்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வேதாளை வண்டி:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடமாக இன்னொருவர் வண்டிக்கு டிரைவராக ஓடிக்கொண்டிருக்கிறேன். மண்டபத்திலிருந்து மதுரைக்கு மீனும் நண்டும், வாரத்துக்கு நாலைந்து நடை. இப்போது சொந்தமாக ஒரு பிக்கப் எடுத்துவிடலாம் என்று இறங்கியிருக்கிறேன். புது வண்டிக்குத் தவணை கட்டிக்கொண்டு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் அறுபத்தோரு நாளும் லோடு இல்லாமல் உட்கார முடியாது, அதனால் பழைய வண்டிதான். முக்கால்வாசிப் பணம் வீட்டுக்காரி நகையை வைத்துப் புரட்டுவது. இதில் ஏமாந்தால் நான் எழுந்திருக்கவே முடியாது.

இரண்டு வண்டி பார்த்திருக்கிறேன். ஒன்று உள்ளூர் வண்டி, 2017 மாடல், 1,40,000 கிலோமீட்டர், ஆரம்பத்திலிருந்தே மீன் லோடு. என்ஜின் அருமையாக இருக்கிறது. போன மாதம்தான் பெயின்ட் அடித்து, அடியில் கருப்புக் கோட்டிங்கும் கொடுத்தாராம். நாலே முக்கால் லட்சம் கேட்கிறார். இன்னொன்று நாமக்கல் பக்கம் கோழித் தீவனம் ஏற்றியது, 2015 மாடல், 2,30,000 கிலோமீட்டர். பார்க்கக் கொஞ்சம் அடிபட்ட மாதிரி இருக்கிறது, காலையில் ஸ்டார்ட் செய்தால் லேசாகப் புகை வருகிறது. நாலு இருபது. என் மனசு உள்ளூர் வண்டியிடம்தான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கேட்கிறார். அதற்குள் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பாம்பன் கரை:

தம்பி, ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுக்காதே. விற்கப்போகிற வண்டிக்கு அடியில் போய் யாராவது கருப்பு அடிப்பார்களா? மேலே பாலிஷ் போடுவது சரி, அது எல்லோரும் செய்வதுதான். கீழே புதுக் கோட்டிங் இருந்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்கக்கூடாது.

நான் பன்னிரண்டு வருடம் மீன் ஓட்டியவன். நமக்கு வண்டியைக் கொல்வது ரோடோ கிலோமீட்டரோ கிடையாது, பெட்டியிலிருந்து சொட்டும் ஐஸ் தண்ணீர்தான். அது பாடியின் பலகை இடுக்கு வழியாக இறங்கி, பாடிக்கும் அதைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டமான சேஸுக்கும் நடுவில் வைத்திருக்கும் கட்டையில் ஊறி அங்கேயே நிற்கும். வெயில் அடித்தால் தண்ணீர் போய்விடும், உப்பு போகாது. ராத்திரி ஈரக்காற்றில் அந்த உப்பு மறுபடி கசியும். 1914-இல் திறந்த நம் பழைய பாம்பன் ரயில் பாலத்தையே துரு தின்று, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள் இல்லையா. புதுப் பாலத்துக்கு பாலிசிலாக்சேன் என்று தனிப் பூச்சே கொடுத்திருக்கிறார்கள். அங்கே அடிக்கிற அதே காற்றில்தான் நம் வண்டியும் நிற்கிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பரமக்குடி தாண்டி, விடியற்காலை மூன்று மணி, முழு லோடு. முன்னால் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன், பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. முன் வீல் லைன் தனி என்பதால் வண்டி கொஞ்சம் பிடித்தது, கியரைக் குறைத்துக் குறைத்துப் புளியமரத்து ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது. விடிந்த பிறகு மெக்கானிக் வந்து பின் ஆக்சிலுக்குப் போகும் பிரேக் பைப்பைக் காட்டினார். வெளியே தெரிகிற இடமெல்லாம் நன்றாக இருந்தது. சேஸோடு பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்பைக் கழற்றியதும் அதற்கடியில் மட்டும் பைப் சீவிய பென்சில் மாதிரி மெலிந்து, நடுவில் ஊசித் துளை. ஒரு கிளிப் அளவு இடம் தம்பி, அவ்வளவுதான். அதனால் பைப்பைப் பார்க்கிறவன் கிளிப்பைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

போகும்போது ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவர், ஒரு காந்தம் எடுத்துக்கொண்டு போ. பின் ஆக்சிலுக்கு மேலே சேஸ் வளைந்து ஏறும் இடம், பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டியிருக்கும் பிராக்கெட், குறுக்குச் சட்டம் சேஸில் சேரும் மூலை, இந்த மூன்றையும் தட்டிப் பார். நல்ல இரும்பு 'டங்' என்று மணி மாதிரிச் சொல்லும். செத்த இரும்பு 'தொப்' என்று அமுங்கும். அந்த இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திச் சுரண்டு. தட்ட விடமாட்டேன் என்று ஓனர் சொன்னால் டீ குடித்துவிட்டு வந்துவிடு.

ராம்நாடு பட்டறை:

பாம்பன் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பட்டறைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

என்ஜின் நன்றாக இருக்கிறது என்று மயங்காதீர்கள். ரிங் போனால் ரிங், இன்ஜெக்டர் போனால் இன்ஜெக்டர், எல்லாமே மதுரையில் ஒரே நாளில் கிடைக்கும். சேஸ் அப்படி இல்லை. வண்டியின் நம்பரே அதில்தான் அடித்திருக்கிறது, மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அனுமதி, இன்ஷூரன்ஸ் என்று அலைச்சல், செலவும் வண்டி விலையைத் தொடும். பொலிரோ பிக்கப், தோஸ்த், இன்ட்ரா எதுவானாலும் அடியில் இருப்பது இரும்புதான், எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

சேஸில் பேட்ச் பிளேட் வைத்து வெல்டிங் அடித்து, மேலே கோட்டிங் பூசி வருகிற வண்டிகள் என் பட்டறைக்கே வருகின்றன. மெலிந்துபோன இரும்பில் வெல்டிங் அடித்தால், அடித்த இடம் நிற்கும், அதற்கு ஒரு விரற்கடை தள்ளி விரிசல் விடும். காந்தம் எதற்கென்றால், பட்டி (ஓட்டையை அடைக்கும் பசை) வைத்து மூடிய இடத்தில் அது பிடிக்காது. பட்டைகளையும் எண்ணிப் பாருங்கள். கம்பெனி கொடுத்ததைவிட ஒன்றிரண்டு கூடுதலாகச் சேர்த்திருந்தால் வண்டி எவ்வளவு ஓவர் லோடு அடித்திருக்கும் என்று புரிந்துவிடும். (நீங்களும் அந்தப் பழக்கத்துக்குப் போகாதீர்கள். ஓவர் லோடுக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.)

நாமக்கல் வண்டியின் புகை என்ன நிறம்? காலையில் வெள்ளையாக வந்து சூடானதும் நின்றுவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, இன்ஜெக்டர் அல்லது ஹீட்டர் பிளக் வேலையாக இருக்கலாம். நீலமாக விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. என்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை தள்ளினால் பேக் கம்ப்ரஷன் இருக்கிறது, அதாவது ரிங் தேய்ந்து புகை கீழே இறங்குகிறது, பெரிய வேலை, அதற்கான பணத்தை விலையில் கழித்துக் கேளுங்கள். கிளட்ச் பார்க்க நம் ஊரில் மேடு கிடையாது. பாம்பன் பாலத்தில் லோடோடு ஏற்றுங்கள், ஆக்சிலேட்டர் கொடுத்ததும் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையென்றால் பிளேட் தேய்ந்திருக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம். தீவனம் சரி, கோழி எரு ஏற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். எருவும் இரும்பைத் தின்னும். அங்கேயும் சுத்தியல் போடாமல் வராதீர்கள்.

பேப்பரில், ஃபைனான்ஸ் முடிந்ததற்கு என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்கும் ஃபார்ம் 35-உம் கையில் இல்லாமல் முழுப் பணம் கொடுக்க வேண்டாம். இரண்டு வண்டியுமே எட்டு வயது தாண்டியவை, இனிமேல் வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். அடுத்த எஃப்.சி. எந்த மாதம் என்று பார்த்து விலை பேசுங்கள், அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

சாயல்குடி டிரைவர்:

எடுத்த பிறகு செய்வதைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் உப்பளத்து லோடு ஓட்டுகிற எல்லோரும் வேஸ்ட் ஆயிலில் கொஞ்சம் டீசல் கலந்து சேஸ் முழுக்க அடித்துவிடுவோம். மாதம் ஒரு தடவை. என் அப்பா காலத்திலிருந்து இதுதான், செலவும் இல்லை. அப்புறம், கருவேல முள் குத்திக் குத்தி டயர் போவதும் எங்களுக்குப் பெரிய தொல்லை. ஸ்டெப்னி நல்லதாக இருக்கிறதா என்று பாருங்கள், நிறைய பேர் அதைப் பார்ப்பதே இல்லை.

ராம்நாடு பட்டறை:

சாயல்குடி அண்ணே, கோபித்துக்கொள்ள வேண்டாம், வேஸ்ட் ஆயில் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆயிலும் டீசலும் பட்ட ரப்பர் புஷ் ஊதிப்போய்ப் பிய்ந்துவிடும், பிரேக் ஹோஸும் அப்படித்தான். ரோட்டு மண் அதில் ஒட்டிச் சகதியாக நிற்கும், உப்பும் அதற்குள்ளேயே தங்கும். ஒழுகினால் ஊரணி, கண்மாய்க்குத்தான் போகும். அந்த முறையில் உங்கள் வண்டி தாங்கியிருந்தால், அதற்குக் காரணம் மாதாமாதம் நீங்கள் அடியில் போய்ப் பார்த்ததாக இருக்கும் என்று நினைக்கிறேன். துருவைச் சுரண்டி, கழுவி, இரண்டு நாள் காயவைத்து, ஜிங்க் பிரைமர், அதன் மேல் பெயின்ட், பெட்டி மாதிரி மூடிய பகுதிக்குள் மட்டும் மெழுகு வகைக் கோட்டிங். இந்த வரிசையை மாற்றித் துருவின் மேலேயே கருப்பு அடித்தால் உள்ளே ஈரத்தைப் பூட்டி வைத்த மாதிரி ஆகிவிடும்.

கீழக்கரை லோடு:

எல்லோரும் கோட்டிங்கைப் பற்றிப் பேசுகிறீர்கள், கழுவும் தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் இதில்தான் ஒரு வண்டியை இழந்தேன். தினமும் தவறாமல் வாட்டர் வாஷ் விடுவேன், பெருமையாகச் சொல்லிக்கொள்வேன், நாலு வருடத்தில் அடிப்பக்கம் உதிர்ந்துவிட்டது. அப்புறம்தான் புரிந்தது, அங்கே அடிப்பது போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. உப்பைக் கழுவ உப்பையே அடித்திருக்கிறேன். உங்கள் போர் தண்ணீரைக் கண்ணாடியில் நாலு சொட்டு விட்டுக் காயவிடுங்கள், வெள்ளையாகப் படிந்தால் அந்தத் தண்ணீர் சேஸுக்கு ஆகாது.

குடிக்கிற தண்ணீரையே குடம் கணக்கில் வாங்குகிற ஊரில் வண்டிக்கு நல்ல தண்ணீரா என்று கேட்பீர்கள். நிறைய வேண்டாம். வயலுக்கு மருந்து அடிப்பார்களே, 16 லிட்டர் ஸ்பிரேயர், புதிதாக ஒன்று வாங்கி இதற்கென்றே வைத்திருக்கிறேன். முதலில் போர் தண்ணீரில் செதிலையும் மண்ணையும் அடித்துத் தள்ளிவிட்டு, கடைசியாக இரண்டு ஸ்பிரேயர் நல்ல தண்ணீர், அடிப்பக்கத்துக்கு மட்டும். சேஸ் ஓட்டைக்குள் நுனியை விட்டு அடித்தால் முதலில் பழுப்பாக வரும், தெளிவாக வருகிற வரை அடிக்க வேண்டும். லோடு இறக்கிய அன்றே, காய்வதற்குள். மதுரையில் இறக்கினால் அங்கேயே கழுவிவிட்டு வாருங்கள், அதுதான் இன்னும் நல்லது. தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகளில் செதில் அடைத்துக்கொள்ளும், ஒரு கம்பி வைத்துக் குத்திவிடுங்கள்.

மண்டபம் ஃபைபர்:

நான் படகு வேலை செய்பவன், வண்டி எனக்குத் தெரியாது. ஆனால் நாலைந்து மீன் வண்டிக்குப் பாடியின் தரையில் ஃபைபர் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பழைய துருவைக் கிரைண்டரில் எடுத்துவிட்டு, இரண்டு அடுக்கு மேட், ரெசின், நாலு பக்கமும் அரை அடி உயரத்துக்கு ஏற்றிவிட்டால் தொட்டி மாதிரி ஆகிவிடும். பின் மூலையில் ஒரு ஓட்டை, ஒரு பி.வி.சி. குழாய், அதிலிருந்து ஹோஸ் எடுத்துக் கேனில் விட்டால் ஐஸ் தண்ணீர் சேஸைத் தொடவே தொடாது, ரோட்டிலும் நாற்றம் இருக்காது. தரைத் தகடு ஆடக்கூடாது, ஆடினால் ஃபைபர் கீறல் விடும், கீறல் வழியாகத் தண்ணீர் அடியில் போய்த் தங்கினால் பழையபடி ஆகிவிடும். அதனால் தடைக்காலத்தில் ஒரு தடவை கூட்டி வாருங்கள், பார்த்து அடைத்துக் கொடுக்கிறேன்.

பாம்பன் கரை:

தடைக்காலம் என்றதும் ஞாபகம் வந்தது. அந்த இரண்டு மாதம் வண்டியை நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போட்டு விடாதே தம்பி. உப்புக்காற்றில் பிரேக் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு வீலுக்குக் கட்டை கொடு. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடு. வாரம் ஒரு தடவை மாட்டி, பத்துக் கிலோமீட்டராவது ஓட்டு, நின்ற இடத்தில் உறுமவிட்டு அணைப்பதில் ஒன்றும் கிடையாது. எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று பானெட்டைத் திறந்து பார்த்த பிறகு சாவியைப் போடு.

வேதாளை வண்டி:

அண்ணன்மாரே, எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமையே சுத்தியலோடு போனேன். தட்டுவதற்கு ஓனர் ஒன்றும் சொல்லவில்லை. வலது பக்கம் எல்லாம் டங் டங்தான், எனக்கே சந்தோஷம். இடது பக்கம் பின் பட்டை பிராக்கெட்டுக்கு மேலே சத்தம் மாறியது. கோட்டிங்கைச் சுரண்டினேன், அதோடு இரும்பு அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. இன்னும் சுரண்டினால் ஒரு கை நீளத்துக்குப் பேட்ச் பிளேட், ஓரமெல்லாம் வெல்டிங். ஓனர் முகத்தைப் பார்த்தேன், முந்தைய ஆள் செய்ததாக இருக்கும் என்றார். இருக்கலாம். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். நகைப் பணம் தப்பித்தது.

செவ்வாய்க்கிழமை நாமக்கல் போனேன். கோழி எரு ஏற்றவில்லை என்றார், பாடி இடுக்கில் தீவனத் தூள்தான் இருந்தது. அடி முழுக்கத் தட்டினேன், மேலாகக் கொஞ்சம் துரு, சத்தம் எங்கேயும் மாறவில்லை. புகை வெள்ளைதான், பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. ஆயில் மூடியில் பெரிதாகத் தள்ளவில்லை. இன்ஜெக்டர் வேலையும் எஃப்.சி. செலவும் சொல்லிப் பேசி, மூன்று தொண்ணூற்றைந்துக்கு முடிந்தது. ஃபார்ம் 35 கைக்கு வந்ததும் மீதிப் பணம். முதல் வேலையாகப் பிரேக் பைப் கிளிப் எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கப் போகிறேன்.

மண்டபம் ஃபைபர் அண்ணே, திங்கட்கிழமை கொண்டு வரட்டுமா? குழாயை இடது மூலையில் வைப்பதா வலது மூலையிலா?

மண்டபம் ஃபைபர்:

கொண்டு வாருங்கள். சைலன்சர் போகும் பக்கம் வேண்டாம், எதிர்ப்பக்கம் வைப்போம். வருவதற்கு முந்தின நாள் பாடியை நன்றாகக் கழுவிக் காயவைத்து விடுங்கள், ஈரத்தில் ரெசின் பிடிக்காது. நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.